கோட்டுக்கு இந்தப் பக்கம்

டுலூத்துக்கு வடக்கே, அதே வீடு
மார்ச் 19

அன்புள்ள கிரெட்சனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். நீயும் கர்ட்டும் சுகம்தானே? அலாஸ்காக் குளிரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளிடம் குளிரைப் பற்றி விசாரிப்பது அசட்டுத்தனம், அதனால் கேட்கவில்லை. இங்கே ஏரிக்கரைப் பனி இன்னும் உடையவில்லை. வாசலில் தள்ளின பனி என் தோள் உயரத்துக்கு நிற்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். "அத்தான் பண்ணின மாதிரியே இவரும் ஐம்பத்திரண்டுல வேலையை விடப்போறாராம், ராத்ங்கிறார், ஏணிங்கிறார், எனக்கு ஒரு எழவும் புரியலை, நீயே சொல்லுக்கா" என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். இந்த நாலு வருஷத்தில் உன் அத்தான் ராய்ஸிடம் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்க வரும்.

சம்பாதித்த காலத்தில் சம்பளத்திலிருந்து வரி கட்டாமல் ஒதுக்கின ஓய்வுப் பணம் ஒரு கணக்கில் கிடக்கிறதில்லையா, அதில் அறுபதை நெருங்கும்வரை கை வைத்தால் அபராதம். சீக்கிரம் வேலையை விட்டவர்கள் அதுவரை எதைச் சாப்பிடுவது? அதற்குத்தான் இந்த ராத் என்கிற இன்னொரு கணக்கு. வருஷா வருஷம் பழைய கணக்கிலிருந்து ஒரு பங்கை எடுத்து ராத்துக்கு மாற்றுவார்கள். மாற்றுகிற வருஷமே அதற்கு வரி கட்டிவிட வேண்டும். சம்பளம் இல்லாததால் வரி கொஞ்சம்தான் வரும், அதுதான் இதிலுள்ள சூட்சுமம். மாற்றின பங்கு ஐந்து வருஷம் வெள்ளரி ஊறுகாய் மாதிரி ஜாடியில் ஊற வேண்டும். ஊறினபிறகு எடுத்தால் வரியும் கிடையாது, அபராதமும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு படி, அதனால் ஏணி. எங்கள் முதல் படி வருகிற ஜனவரியில்தான் கைக்கு வரும். அதுவரை வங்கியில் இருக்கிற சேமிப்பைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுகிறோம்.

இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? இனிமேல்தான் கூத்து. மாற்றுகிற பணம் அந்த வருஷத்து வருமானமாகக் கணக்கில் ஏறும். வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் மருத்துவக் காப்பீட்டில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டும். கோட்டை ஒரு டாலர் தாண்டினாலும் வருஷம் முழுக்கக் கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்பார்கள். உன் அத்தான் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தது அந்தக் கோடுதான். சேமிப்பு வட்டி வந்தாலும் கோட்டைப் பார்ப்பார், தேவாலய ஏலத்தில் என் பழைய தையல் மெஷினை விற்கலாமா என்றாலும் கோட்டைப் பார்ப்பார்.

போன திங்கள் பங்குச் சந்தை தடாலென்று விழுந்தது. ஊரெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் காப்பிக் கோப்பையோடு அடுக்களைக்குள் ஓடிவந்தார். "கோரின், விலை இறங்கினா அதே வரிக்கு நிறைய மாத்தலாம். இந்த வருஷத்துப் பங்கு மொத்தத்தையும் இப்பவே மாத்திட்டேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே கொண்டுபோய் நிறுத்தியிருக்கேன் பாரு! இனி டிசம்பர் வரைக்கும் நம்ம வீட்டுக்குள்ள ஒரு காசு வரக்கூடாது" என்றார். காசு வந்துவிடக்கூடாதே என்று பயப்படுகிற வீட்டை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? முன்பெல்லாம் மாற்றினதை மனம் மாறினால் திருப்பிக்கொள்ளலாமாம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது மாற்றினது மாற்றினதுதான்.

இரண்டு நாள் கழித்து பெர்னடெட் போன் செய்தாள். என் பழைய மருத்துவமனையில் பிரசவ வார்டுக்கு இப்போது அவள்தான் தலைமை நர்ஸ், லூசியானாக்காரி, நான் வேலையை விட்ட பிறகு வந்தவள். இரண்டு பேர் விலகிப் போய்விட்டார்களாம், இருக்கிறவர்கள் எல்லாம் சின்னப் பெண்களாம். "இருபத்தாறு வருஷம் இதே வார்டுல இருந்தவங்க நீங்க. வாரத்துக்கு மூணு ஷிப்ட் வாங்க, உங்களை விட்டா எனக்கு ஆளில்லை" என்றாள். அந்த மருத்துவமனையில் ஒரு விதி இருக்கிறது. ஐந்து வருஷம் தொடர்ந்து பிரசவ அறைக்கு வெளியே இருந்தவர்களைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கெடு செப்டம்பர் முடிவில் வருகிறது. அவருடைய ஏணியின் முதல் படி கைக்கு வர இன்னும் ஒன்பது மாதம், என் கதவு மூட ஆறு மாதம். என்ன பொருத்தம் பார்!

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்னும் இவரிடம் சொல்லவில்லை. கர்ட்டிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் அக்கா கோரின்

*

ஜூலை 8

அன்புள்ள கிரெட்சனுக்கு,

நீ அனுப்பின சால்மன் மீன் பெட்டி வந்து சேர்ந்தது. புகை போட்ட வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. உன் அத்தான் பாதியை உறைபெட்டியில் வைத்துவிட்டார், "இதுல ஆறு சாப்பாடு இருக்கு" என்று எண்ணிக்கொண்டே.

அவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் திரும்பக் கத்தியிருப்பேன். "யோசிப்போம்" என்று எழுந்துபோய் நாலு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையின் ஓய்வுத் திட்டத்தில் என் சம்பளத்தைப் போட்டால் வருமானம் குறையுமே என்று பார்த்தார். ஒரு வருஷம் வேலை செய்தால்தான் அதில் சேர்ப்பார்களாம். வேறு ஏதேதோ வரிச் சலுகைகளைத் தேடிப்பிடித்துக் கடைசியில் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, "மாசத்துக்கு மூணு ஷிப்ட் நீ தாராளமா போகலாம். கோடு தாண்டாது" என்றார். பெர்னடெட்டோ வாரத்துக்கு மூன்றுக்குக் குறைந்து வார்டில் யாரையும் வைத்துக்கொள்ள முடியாது என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அவ்வப்போது தலைகாட்டுகிறவளை நம்பி யார் பிரசவம் பார்ப்பது?

அவர் கெட்டவர் இல்லை, கிரெட்சன். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வந்திருப்பேன். எழுபது வயதுப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பனி தள்ளிக் கொடுக்கிறார், காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போடுகிறார். அவருடைய அப்பா காகித ஆலையில் ஓய்வு பெற வேண்டிய மாதத்தில் ஆலைக்குள்ளேயே விழுந்து செத்தார் என்பது உனக்குத் தெரியும். "நான் அப்படிச் சாக மாட்டேன், உன்னையும் சாக விட மாட்டேன்" என்று சொல்லித்தான் எங்கள் கல்யாணத்திலிருந்தே சேர்க்க ஆரம்பித்தார். பிள்ளையும் இல்லை, சேர்ந்துவிட்டது. எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பது வயதில் இரவு ஷிப்ட் முடித்துக் கால் வீங்கி வரும்போது, விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? காலையில் நடை. அப்புறம் நூலகம், அங்கே எல்லாம் இலவசம். மத்தியானம் இவர் தன்னைப் போலவே சீக்கிரம் வேலையை விட்டவர்களோடு கம்ப்யூட்டரில் அரட்டை அடிப்பார், யாருடைய ஏணி எத்தனை படி என்று. வெள்ளிக்கிழமை மீன் வறுவல், அதுவும் கூப்பன் இருந்தால். ஊரில் எல்லாரும், "உனக்கென்னம்மா, ராணி மாதிரி இருக்கே" என்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். எனக்கு மூச்சு முட்டுகிறது, கிரெட்சன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்த குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் இல்லை, கோட்டுக்கும் ஆபத்து இல்லை. போன வாரம் ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். வார்டுக் கதவு அடையாள அட்டை காட்டினால்தான் திறக்கும், என்னிடம் அட்டை இல்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வலியோடு நடந்துகொண்டிருந்தாள், அவள் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். அவள் மூச்சை அடக்குவதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. எழுந்துபோய் இடுப்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "வாயைத் திறந்து மூச்சை விடும்மா, தோளைத் தளர விடு, ஆங், அப்படித்தான்" என்றேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துவிட்டாள். அதற்குள் புது நர்ஸ் ஒருத்தி, என் முகம் தெரியாதவள், ஓடிவந்து, "மன்னிக்கணும்மா, பார்வையாளர்கள் நோயாளியைத் தொடக் கூடாது. குல்லாயை வரவேற்பு மேசையில கொடுத்துடுங்க" என்றாள். அவள் வேலையை அவள் சரியாகத்தான் செய்தாள். நான் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன், வருகிற சம்பளம் பூராவும் அந்தக் கோட்டுக்கே போனாலும் போகட்டும், நான் சும்மாவாவது போகிறேன் என்று. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரி, காப்பீட்டைத் திருப்பிக் கட்டுறது, எல்லாம் போக உன் கையில ஒண்ணும் தங்காதே. அப்புறம் எதுக்குப் போறே?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தோம்.

பெர்னடெட் செப்டம்பர் வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்கிறாள். கர்ட் இன்னும் அதே பேச்சுத்தானா? எழுது.

அன்புடன்,
கோரின்

*

அக்டோபர் 4

அன்புள்ள கிரெட்சனுக்கு,

நீ இரண்டு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன், இவர் பக்கத்திலேயே இருப்பார். எழுதுவதே மேல்.

செப்டம்பர் முழுக்க நான் பேசவே இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. நம் ஊரில் யார் சண்டை போட்டார்கள்? பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான். இவருக்கு அதுவே தாங்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி தேவாலயத்தில் அறுவடை விருந்து. முடிந்து வீட்டுக்கு வந்தோம். நான் பாத்திரம் கழுவுகிறேன், இவர் துணியால் துடைத்து அடுக்குகிறார். ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பூ போட்ட ஓரம் தேய்ந்துவிடும்போல. அப்புறம் சொன்னார்: "கோரின், உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீ வேலைக்குப் போ. கோடு போனா போகட்டும்."

கேட்டாயா? அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது! நாலரை வருஷமாகக் கட்டின கோட்டையை அவரே இடிக்கச் சம்மதித்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, வேண்டாம், எனக்காக நீங்க எதுக்குச் சிரமப்படணும்" என்றேன்.

நீ அந்தப் பக்கம் போய் இருபது வருஷமாகிறது, மறந்திருப்பாய். இங்கே யாராவது காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். கொஞ்சமாகவாவது என்றால், உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, ஒரு வாய் கொடுங்கள் என்போம். முதல் தடவையே சரி என்கிறவளை அம்மா பேராசைக்காரி என்பாள். கையிலே கொடுத்த கேக்கைக்கூட இரண்டு தடவை தள்ளிவிட்டுத்தானே நாம் சாப்பிட்டு வளர்ந்தோம். என் வாய் என்னைக் கேட்காமலே அந்தப் பாடத்தை ஒப்பித்துவிட்டது.

இவர், "நெஜமாவா சொல்றே?" என்றார். அது இரண்டாவது. "நெஜமாத்தான், எனக்கொண்ணும் பரவாயில்லை" என்றேன். சொல்லிவிட்டு, கையில் சோப்பு நுரையோடு, மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். உள்ளே 'ஆமாம்' தயாராக இருந்தது, கிரெட்சன். நாக்கு நுனியில் இருந்தது. இவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார், தட்டை அலமாரியில் வைத்தார், துணியை மடித்துப் போட்டார். "அப்ப சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கராஜுக்குப் போனார். அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது.

மறுநாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். வாசலில் இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், "கோரின் அவளாவே விட்டுட்டா, நான் ஒண்ணும் சொல்லலை. போன்னுதான் சொன்னேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி நான் போய் வேண்டும் என்றால் அவரைப் பொய்யராக்கினது மாதிரி ஆகும். முப்பதாம் தேதி பெர்னடெட் போன் செய்தாள். "வர்றீங்களா, இல்லையா?" என்றாள். நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன், உங்களுக்கு வேறு யாராவது கிடைக்கக்கூடும் என்று. லூசியானாவில் பிறந்தவளுக்கு நம் ஊர்ச் சுற்று எங்கே தெரியும்? ஒரு தடவை கேட்டால் கேட்டதுதான். "புரியுது, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள். அன்றோடு கெடு முடிந்தது. இனி அந்த அறைக்குள் நான் போக முடியாது.

பெர்னடெட் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இவர் இந்த மண்ணில் பிறந்தவர். இவர் அம்மா வீட்டில் நாலு தடவை கேட்காமல் உப்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். மூன்றாவது தடவை கேட்க வேண்டும் என்று இவருக்குத் தெரியாதா? மறந்து போனாரா, இல்லை, தெரிந்தேதான் நிறுத்திக்கொண்டாரா? எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற மனுஷனைப் பார்த்துப் பார்த்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கவும் பயமாக இருக்கிறது. தெரிந்தேதான் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

ஜனவரியில் முதல் படி கைக்கு வருகிறது. அன்றைக்கு வெளியே போய்ச் சாப்பிடலாம், நீயே இடத்தைச் சொல் என்கிறார். அடுத்த வருஷத்துப் பங்கை எப்போது மாற்றலாம் என்று இப்போதே பார்க்கிறார். திட்டமெல்லாம் அவர் சொன்ன மாதிரியே நடக்கிறது, ஒரு பிசகும் இல்லை. இன்னும் நாற்பது வருஷத்துக்குப் பணம் வருமாம். நாற்பது வருஷம் என்று அவர் சொல்லும்போது நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

கர்ட்டுக்கு அந்தக் கணக்கை அனுப்பச் சொல்லி இவரிடம் கேட்டாயாம், அனுப்பிவிட்டேன் என்றார். கணக்கு சரியாகத்தான் இருக்கும், அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. கர்ட் அலாஸ்காக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். நீயும் வேலையை விடுகிறாயா என்று உன்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்பார். உனக்கு அந்த பஸ் வேண்டும் என்றால், குளிர்ந்த ஸ்டியரிங்கும் பின்னால் கத்துகிற பிள்ளைகளும் வேண்டும் என்றால், அந்த ஒரு தடவையிலேயே சொல்லிவிடு. மரியாதை பார்க்காதே. விடிவதற்கு முன்னால் எழுந்து, வேலையைத் திட்டிக்கொண்டே பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடுகிற பாக்கியம் உனக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கட்டும், கண்ணு.

இன்னொன்று. நவம்பரில் நன்றி நாள் பண்டிகைக்கு என்னை அங்கே கூப்பிடு. என்னை மட்டும். கொஞ்ச நாள் தங்குகிற மாதிரி. வருகிறாயா என்று கேட்காதே, டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிடு. போனில் நான் வேண்டாம் என்பேன், செலவு எதற்கு என்பேன், உன் அத்தான் தனியாக இருப்பார் என்பேன், இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை என்பேன்.

நம்பாதே.

உன் அக்கா,
கோரின்